மகாராணியின் காலடியில் ஒரு ஸ்க்ரூ

டெலிபோன் அலறியது!

காலை ஏழு மணி பத்து நிமிடம். போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டு அப்போதுதான் டீ கிளாஸை உதட்டுக்குக் கொண்டுபோயிருந்தார்.

"ஹலோ..."

"கடத்தல்!" மறுமுனை மூச்சு வாங்கியது. "மகாராணியைக் கடத்திட்டாங்க!"

ஏட்டு டீயைக் குடிக்க மறந்தார்.

"எந்த மகாராணி சார்?"

"இந்த ஊர்ல எத்தனை மகாராணிய்யா இருக்கு? கடற்கரைப் பறவைக்கூடத்துல இருக்கிற பெண் இருவாச்சிப் பறவை! நான் டைரக்டர் பேசறேன்!"

ஏட்டு டீயை நிதானமாகக் குடித்தார். பிறகு உள்ளறைப் பக்கம் திரும்பினார்.

"மேடம்... பறவை பறந்து போச்சாம். பதறிப்போய் போன் பண்றாங்க."

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அந்தப் பறவைக்கூடத்தில் தனித்தனிக் கூண்டுகள் கிடையாது. மொத்தமும் ஒரே கூண்டு. கடலை ஒட்டி நாற்பதடி உயர இரும்புத் தூண்கள்... மேலே ஒரே வலை. உள்ளே மரங்கள், ஒரு குட்டை, நடைபாதை, நாலு பெஞ்சுகள். பார்க்க வருகிறவர்களும் கூண்டுக்குள்தான் நடக்க வேண்டும். யார் யாரை வேடிக்கை பார்ப்பது என்பது அவரவர் மனசாட்சியைப் பொறுத்தது.

வாசலில் இரட்டைக் கதவு. இரண்டுக்கும் நடுவே நாலு பேர் நிற்கிற மாதிரி ஒரு கம்பி அறை. ஒரு கதவு முழுசாகச் சாத்தினால்தான் மற்றது திறக்கும். பறவை வெளியே பறந்துவிடாமல் இருக்க அந்த ஏற்பாடு.

அதற்கு மேலே ஒரு பெரிய போர்டு.

'பதினோரு ஆண்டுகள்! இங்கிருந்து இதுவரை ஒன்றுகூடத் தப்பியதில்லை!'

கீழே டைரக்டரின் கையெழுத்து. போர்டில் பாதியை அதுவே சாப்பிட்டிருந்தது.

கையெழுத்துக்குச் சொந்தக்காரர் வாசலிலேயே நின்றார். முழங்கால் வரை நீண்ட நீலக் கோட்டு. இரண்டு வரிசைப் பித்தளைப் பொத்தான்கள். யாரும் கொடுத்த யூனிபார்ம் இல்லை... அவரே வரைந்து, அவரே தைக்கக் கொடுத்தது.

"மேடம், பதினோரு மணிக்கு விருதுக் கமிட்டி வருது. 'பறவைகளின் தந்தை' விருது. அதுக்குள்ள கண்டுபிடிச்சாகணும்!"

"விருது யாருக்கு?"

"எனக்குத்தான். பறவைக்கு மேடையேறத் தெரியுமா?"

"எப்ப காணோம்?"

"நேத்து சாயங்காலம் கிளையில இருந்துது. காலையில ஆறே முக்காலுக்கு ரவுண்ட்ஸ் வந்தேன். கிளை காலி! இது சர்வதேசக் கும்பல் மேடம். எனக்கு எதிரிகள் நிறைய!"

"உங்களுக்கா?"

"பொறாமை மேடம்."

அவருடைய அறைக்குள் அழைத்துப் போனார். சுவரில் ஆளுயர போட்டோ. ஒரு சிறப்பு விருந்தினரும் டைரக்டரும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இருவரும் மரத்தில் உயரமாகக் கட்டிய சாரத்தின் மேல் நின்றார்கள். பின்னால் பருத்த மரத்தண்டு. அதில் ஒரு பொந்து.

"இதான் மகாராணி" என்றார்.

இன்ஸ்பெக்டர் தேடினாள்.

"எங்க?"

"என் காதுக்குப் பின்னாடி பாருங்க. மூக்கு தெரியுது."

தெரிந்தது. வளைந்த மஞ்சள் மூக்கின் நுனி. போட்டோவின் ஓரத்தில் தேதி... சரியாக முப்பது நாள் முன்பு. இன்ஸ்பெக்டரின் பார்வை கீழே இறங்கியது. போட்டோவில் டைரக்டரின் பளபள ஷூவின் மேல் உடைந்த மண்கட்டிகள்.

செல்போனில் அந்தப் போட்டோவை ஒரு படம் எடுத்துக்கொண்டாள்.

டைரக்டர் பூரித்துப்போனார்.

"காப்பி வேணும்னா பெரிய சைஸ்லயே தரேன் மேடம்!"

மகாராணி உட்காரும் அத்திமரம் கூண்டின் நடுவில் நின்றது. வலைக்கு அப்பால் கடல். உப்புக்காற்று தூண்களைத் துருவாகத் தின்றுகொண்டிருந்தது.

ஏட்டு தொப்பையோடு போராடி ஏணியில் ஏறினார்.

இன்ஸ்பெக்டர் தரையைப் பார்த்தாள். மற்ற மரங்களின் அடியெல்லாம் எச்சம்... சுண்ணாம்பு அடித்த மாதிரி. மகாராணியின் கிளைக்குக் கீழே மட்டும் ஒரு பொட்டுகூட இல்லை!

"எத்தனை நாளா இந்தக் கிளையில உட்காருது?"

"இருபது நாளா மேடம். அசையவே அசையாது. பார்க்க வர்றவங்க கருத்துப் புத்தகத்துல என்ன எழுதியிருக்காங்க தெரியுமா? 'மிகவும் ஒழுக்கமான பறவை'!"

"இருபது நாளா எச்சமே போடலையா?"

டைரக்டர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார்.

"அது... மகாராணி இல்லையா..."

எச்சம் இல்லை. ஆனால் அத்திப்பழங்கள் கிடந்தன. ஏழெட்டு இருக்கும். ஒன்றில்கூடக் கடித்த அடையாளம் இல்லை.

"மேடம்!" மேலிருந்து ஏட்டு கத்தினார். "கிளையில ரெண்டு ஓட்டை இருக்கு! ஒரு ஸ்க்ரூ கிடக்கு!"

"ஸ்க்ரூவா? பறவைக்கு எதுக்கு ஏட்டய்யா ஸ்க்ரூ?"

"கடல் காத்து பலமா அடிக்கும்ல மேடம்... பிடிமானத்துக்கா இருக்கும்!"

இன்ஸ்பெக்டர் டைரக்டரைப் பார்த்தாள். டைரக்டர் கடலைப் பார்த்தார்.

அப்போது தலைக்கு மேலே ஒரு சத்தம்... பழைய நீராவி இன்ஜின் மூச்சு விடுகிற மாதிரி!

ஆண் இருவாச்சி. அகன்ற கறுப்பு இறக்கைகளை மடக்கி அந்தக் கிளையில் இறங்கியது. மூக்கு நுனியில் ஒரு அத்திப்பழம். நெஞ்செலும்பு கத்தி மாதிரித் துருத்திக்கொண்டிருந்தது.

அது தத்தித் தத்தி ஸ்க்ரூ ஓட்டைகளின் பக்கம் போனது. காலி இடத்தை நோக்கிப் பழத்தை நீட்டியது.

காத்திருந்தது.

தலையைச் சாய்த்து இந்தப் பக்கம் பார்த்தது... அந்தப் பக்கம் பார்த்தது... மறுபடி நீட்டியது.

பழம் நழுவி ஏட்டின் தொப்பியில் பட்டுத் தரையில் விழுந்தது. பறவை பறந்துபோனது. இரண்டே நிமிடத்தில் இன்னொரு பழத்தோடு திரும்பி வந்தது!

ஏணியில் ஏட்டு தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். இருபத்தைந்து வருட சர்வீஸில் அது அபூர்வம்.

"இது எத்தனை நாளா நடக்குது?" இன்ஸ்பெக்டர் கேட்டாள்.

"ஜோடிப் பாசம் மேடம். ஆடியன்ஸுக்கு ரொம்பப் பிடிக்கும். கைதட்டுவாங்க."

"தீனி போடறவர் யாரு?"

"பழக்காரர்னு ஒருத்தர். சும்மா பழம் வெட்டற ஆளு. அவரை எதுக்கு..."

இன்ஸ்பெக்டர் அதற்குள் நடக்க ஆரம்பித்திருந்தாள்.

தீனி அறை. ஒரு மேசை, ஒரு தராசு, வரிசையாகத் தட்டுகள். ஒல்லியான ஒரு மனிதர் பப்பாளியைச் சின்னச் சின்னதாக நறுக்கிக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். சட்டை அவரைவிட இரண்டு சைஸ் பெரியதாகத் தொங்கியது. சட்டை வளரவில்லை. அவர்தான் சமீபத்தில் குறைந்திருந்தார்.

"வாங்கம்மா" என்றார் நிமிராமல். "இதோ, இந்தத் தட்டை முடிச்சுட்டு வந்துடறேன். கிளிங்க பசி தாங்காது."

"எங்க வர்றீங்க?"

"ஸ்டேஷனுக்குத்தான். நான்தான் எடுத்தேன்."

ஏட்டு ஏமாந்துபோனார். "என்னய்யா இது? ஒரு அடி, ஒரு மிரட்டல் எதுவுமில்லாம பொசுக்குனு ஒத்துக்கிட்டா எப்படி?"

"மேசைக்குக் கீழ பெட்டி இருக்கு. மெதுவா எடுங்கண்ணே."

அட்டைப் பெட்டிக்குள் ஒரு பெண்ணின் பழைய சாம்பல் நிறச் சால்வை. ஏட்டு அதை விலக்கினார். "ஐயோ!" என்று பின்வாங்கினார்.

மகாராணி! விறைப்பாக... கண்ணாடிக் கண்களோடு... காலில் இரும்புக் கம்பியோடு!

"செத்துப்போச்சு மேடம்!"

"செத்து முப்பது நாளாச்சு" என்றார் பழக்காரர். "டைரக்டர் ரூம் போட்டோவுல தேதியே இருக்கு. பஞ்சு அடைச்சு, ஸ்க்ரூ போட்டு உட்கார வெச்சிருக்காங்க."

முப்பது நாள்! இன்ஸ்பெக்டர் செல்போனில் இருந்த போட்டோவை மறுபடி பார்த்தாள்.

"எப்படிச் செத்துது?"

அவர் கத்தியை வைத்தார். கையைத் துண்டில் துடைத்தார். மகாராணியின் இறக்கையை மெல்ல விரித்தார். ஒரு இறகைப் பிடித்து இழுத்தார். கையோடு வந்துவிட்டது. அடியில் பசை!

"காக்கா இறகும்மா."

"காக்காவா?"

"முட்டை வெக்கிற நேரத்துல பொண்ணு பொந்துக்குள்ள போயி, வாசலை மண்ணு வெச்சு அடைச்சுக்குவா. மூக்கு நுழையற மாதிரி ஒரு கீறல் மட்டும் விடுவா. மூணு மாசத்துக்கு மேல மாப்பிள்ளைதான் அந்தக் கீறல் வழியா ஊட்டணும். உள்ள இருக்கும்போது பறக்கற இறகெல்லாம் உதிர்ந்துடும். புதுசா முளைக்கிற வரைக்கும் பறக்க வராது. அந்த நேரத்துல எவனாவது வாசலை உடைச்சா..."

"வெளிய குதிக்கும்."

"குதிச்சா. முப்பதடி."

டைரக்டரின் ஷூ மேல் கிடந்த மண்கட்டிகள்! சிரித்த விருந்தினர்! காதுக்குப் பின்னால் மூக்கு!

கடைசி போட்டோ. அதற்குத்தான் அவர் பெரிய சைஸில் பிரேம் போட்டிருந்தார்.

"நீங்க அப்ப எங்க இருந்தீங்க?" இன்ஸ்பெக்டர் கேட்டாள்.

"ஆஸ்பத்திரியில. வீட்ல அவளுக்கு முடியாமப் போச்சு. அம்பது நாள் லீவு." சால்வையின் ஓரத்தை நீவிவிட்டார். "எங்களுக்குக் குழந்தை இல்லம்மா. இதுங்க ரெண்டையும் பொண்ணு மாப்பிள்ளைனுதான் சொல்லுவா. ஞாயித்துக்கிழமை தவறாம வருவா. அதோ அந்த ரெண்டாவது பெஞ்ச். விசிட்டர் டிக்கெட் எடுத்துத்தான் உள்ள வருவா. 'மாமியார் வெறுங்கையோட வரலாமா'னு பழம் வேற வாங்கிட்டு வருவா."

ஏட்டு மூக்கை உறிஞ்சினார். தூசி என்று யாரும் கேட்காமலேயே சொன்னார்.

"ஆஸ்பத்திரியில தினம் கேட்பா, 'பொண்ணு எப்படி இருக்கா?'னு. டைரக்டருக்குப் போன் போட்டுக் கேட்டேன். 'ஜம்முனு இருக்கு'ன்னார். அப்படியே போய்ச் சொன்னேன். சிரிச்சா. அந்த ஒரு பொய்க்கு மட்டும் அவருக்கு நன்றி சொல்லணும்மா."

"வேலைக்கு எப்ப திரும்பி வந்தீங்க?"

"நாலு நாளாச்சு. வந்த அன்னைக்கே கீழேர்ந்து பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு. பொண்ணு மாதிரி தலையைச் சாய்ச்சுப் பார்க்கல."

"எங்களுக்குச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீங்க டைரக்டரைப் பிடிப்பீங்க. மாப்பிள்ளைக்கு யார் சொல்லுவாங்க?"

பழக்காரர் தராசைத் தொட்டுக் காட்டினார்.

"அவன் ஒரு பழமும் சாப்பிடறதில்லம்மா. எல்லாத்தையும் அவளுக்கே கொண்டுபோய் நீட்டறான். தராசுல ஏத்திப் பார்த்தேன். எடை பாதியாயிடுச்சு. இன்னும் ரெண்டு நாள்... அதுக்கு மேல தாங்க மாட்டான்."

"அதனால பொண்ணை எடுத்துட்டீங்க. சரி. இப்ப காலியா இருக்கிற இடத்துக்கும்தானே ஊட்டறான்?"

"அதுதாம்மா! எடுத்தது ஒளிக்கிறதுக்கு இல்ல. கீழ படுக்க வெக்கிறதுக்கு." அவர் சால்வையை மகாராணியின் மேல் போர்த்தினார். "ஸ்க்ரூ போட்டு நிமிர்த்தி வெச்சா, செத்துட்டாள்னு அவனுக்கு எப்படித் தெரியும்? கோவிச்சுக்கிட்டிருக்கான்னுதான் நினைப்பான். படுக்க வெச்சுக் காட்டணும். இறக்கிக்கிட்டு வந்தேன். அதுக்குள்ள டைரக்டர் ரவுண்ட்ஸ் வந்துட்டார். ஒரே ஒரு தடவை அவனுக்குக் காட்டிடறேன். அப்புறம் எந்த ஜெயில்னாலும் வரேன்."

இன்ஸ்பெக்டர் வாட்சைப் பார்த்தாள். பத்தே முக்கால்.

"ஏட்டய்யா... பெட்டியை எடுங்க. மெதுவா."

அத்திமரத்தடியில் விருதுக் கமிட்டி வந்து நின்றிருந்தது. மூன்று பேர், ஒரு கேடயம், ஒரு போட்டோகிராபர். டைரக்டர் ஏற்கெனவே பேச ஆரம்பித்திருந்தார்.

"...ஒரு தந்தை தன் மகளை இழந்தால் என்ன பாடுபடுவாரோ, அந்தப் பாட்டை இன்று நான்..."

"நிறுத்துங்க தந்தையே" என்றாள் இன்ஸ்பெக்டர். "மகள் கிடைச்சாச்சு."

ஏட்டு பெட்டியைத் திறந்தார். டைரக்டரின் முகம் வெளிறியது. ரத்தமெல்லாம் கோட்டுப் பொத்தான் வரை இறங்கிவிட்ட மாதிரி இருந்தது.

"ஐயோ! கொன்னுட்டானா! அந்தப் பழக்காரன் கொன்னுட்டானா! அரெஸ்ட் பண்ணுங்க மேடம்!"

"இன்னைக்குக் காலையில கொன்னு, பஞ்சு அடைச்சு, காய வெச்சு, கண்ணாடிக் கண்ணும் வெச்சுட்டாரா? பப்பாளி வேற நறுக்கிக்கிட்டிருந்தாரே... ரொம்ப வேகமான ஆள்தான்!"

"அது வந்து..."

"செத்துப்போச்சுனு சொன்னா விருது போயிடும். திருடு போச்சுனு சொன்னா அனுதாபத்தோட சேர்ந்து விருது வரும். அதனாலதான போன் பண்ணினீங்க?" செல்போனைக் காட்டினாள். "அந்தப் பொந்து வாசலை உடைச்சது யாரு?"

"உடைக்கல மேடம்!" டைரக்டர் நிமிர்ந்தார். கௌரவம் விடவில்லை. "கொஞ்சம்... அகலப்படுத்தினேன். அவ்வளவு பெரிய விருந்தினர் வந்திருக்கார், முகம் தெரிய வேண்டாமா?"

"யாரு முகம்?"

கமிட்டித் தலைவர் கேடயத்தை மெதுவாக முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"பாதுகாக்கப்பட்ட பறவையைக் கொன்னது ஒண்ணு. பொய்ப் புகார் ரெண்டு. அப்புறம் பேசுவோம். இப்ப எல்லாரும் பத்தடி பின்னால போங்க. யாரும் பேசக்கூடாது."

பழக்காரர் மண்டியிட்டார். சால்வையை மரத்தடியில் விரித்தார். மகாராணியின் இறக்கையிலிருந்து காக்கா இறகுகளை ஒவ்வொன்றாக எடுத்தார். கால் கம்பியைக் கழற்றினார். மொட்டை இறக்கையோடு அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். தூங்குகிற குழந்தையைக் கிடத்துகிற மாதிரி.

பின்னால் போய் நின்றுகொண்டார்.

நீராவி இன்ஜின் சத்தம்!

ஆண் இருவாச்சி கிளையில் இறங்கியது. காலி இடத்துக்குப் பழத்தை நீட்டியது. பிறகு... கீழே பார்த்தது.

இறங்கி வந்தது.

சால்வையின் ஓரத்தில் நின்றது. பழத்தை அவள் மூக்கருகே கொண்டுபோனது. பழம் உருண்டது. பொறுக்கியது. மறுபடி கொடுத்தது. உருண்டது. மறுபடி பொறுக்கியது.

மூன்றாவது தடவை பறவை பழத்தைக் கீழே வைத்துவிட்டது. தன் பெரிய மூக்கின் நுனியால் அந்த மொட்டை இறக்கையைத் தொட்டது. கழுத்தைத் தொட்டது. தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது. அவள் சாய்த்துப் பார்க்கவில்லை.

அது தலையைத் தூக்கி ஒரு குரல் கொடுத்தது. ஒரே ஒரு குரல். கூண்டு முழுவதும் அடங்கிப்போனது. கிளிகள்கூட.

எவ்வளவு நேரம் அப்படி நின்றதென்று யாரும் வாட்சைப் பார்க்கவில்லை.

பிறகு... குனிந்தது. பழத்தை எடுத்தது. தலையைப் பின்னால் சாய்த்து மேலே எறிந்து, தானே விழுங்கியது!

"சாப்பிட்டுட்டான்..." பழக்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "சாப்பிட்டுட்டாம்மா..."

இன்ஸ்பெக்டர் அவர் தோளைத் தொட்டாள்.

"ஆஸ்பத்திரியில நானும் அப்படித்தான் நின்னேன். கஞ்சி ஊட்டறேன், வாயைத் திறக்கல. மறுபடி நீட்டறேன்... திறக்கல. நர்ஸம்மா வந்து என் கையிலேர்ந்து ஸ்பூனை வாங்கி, அவளைப் படுக்க வெச்சு, கண்ணை மூடிவிட்டாங்க. அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது." இருவாச்சியைப் பார்த்தபடியே சொன்னார். "மிச்சக் கஞ்சியை நான்தாம்மா குடிச்சேன். ரெண்டு நாள் பசி. வெக்கமா இருந்துச்சு."

"வெக்கப்பட ஒண்ணுமில்லண்ணே" என்றாள் இன்ஸ்பெக்டர். அவளுக்கும் தூசி விழுந்திருந்தது.

இருவாச்சி இன்னொரு பழத்தைப் பொறுக்கியது. விழுங்கியது.

'டமார்!'

வாசல் பக்கம் ஒரு சத்தம். எல்லோரும் திரும்பினார்கள். டைரக்டர் நின்ற இடம் காலி!

ஏட்டு ஓடினார். இன்ஸ்பெக்டர் ஓடினாள்.

இரண்டு கதவுகளுக்கும் நடுவில் அந்தக் கம்பி அறைக்குள் டைரக்டர் வெளிக்கதவைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். திறக்கவில்லை. எப்படித் திறக்கும்? அவருடைய முழங்கால் நீளக் கோட்டின் வால் உள்கதவில் வசமாகச் சிக்கியிருந்தது! உள்கதவு முழுசாகச் சாத்தவில்லை. கோட்டைக் கழற்றினால் தீர்ந்தது. இரண்டு வரிசையில் இருபத்துநாலு பித்தளைப் பொத்தான்கள். அவர் இன்னும் நாலாவதில்தான் இருந்தார்.

வலையைப் பிடித்துக்கொண்டு ஒரு கிளி அவரை வேடிக்கை பார்த்தது.

ஏட்டு நிதானமாகக் கைவிலங்கை எடுத்தார். தலையைத் தூக்கி மேலே இருந்த போர்டை ஒரு தடவை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"பாருங்க மேடம்... மனுஷன் எழுதி வெச்சபடியே நடந்துட்டார். பதினோரு வருஷ ரெக்கார்டைக் கடைசி நிமிஷம் வரைக்கும் காப்பாத்திட்டாரே!"